மடியில் ஒரு குறடு

சென்ற மாதம் எங்கள் கல்லூரி மண்டபத்தில் ஓர் இலக்கியக் கூட்டம் நிகழ்ந்தது. தலைமையுரை என்னுடையது. பேச எழுந்தபோது குறிப்புத்தாள் ஒன்று மேசையிலிருந்து நழுவி விழுந்தது. அதனை எடுக்கக் குனிந்தேன். என் சட்டைப்பையிலிருந்த பொருளொன்று சீமெந்து நிலத்தில் 'ணங்' என்று விழுந்தது. பேனா விழுந்திருந்தால் ஒருவரும் பார்த்திரார். மூக்குக்கண்ணாடி விழுந்திருந்தால் இரங்கியிருப்பர். விழுந்தது குறடு. நாலங்குல நீளமே உள்ள சிறு குறடு.

முன்வரிசையில் என் நண்பர் ஒருவர் இருந்தார். அவரும் ஆசிரியரே, நகைச்சுவையில் வல்லவர். "என்ன பண்டிதர் ஐயா, பின்னேரத்திலை கம்மாலையும் நடத்திறியளோ?" என்றார். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். விழுந்ததை எடுத்துப் பையில் இட்டுக்கொண்டு உரையைத் தொடங்கினேன்.

கூட்டம் முடிந்தது. ஆனால், நண்பரின் கேள்வி என்னோடு வீடுவரை வந்தது. ஆசிரியன் ஒருவன் சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருந்தால் அது மதிப்பு. மூன்று வைத்திருந்தால் பெருமதிப்பு. குறடு ஒன்று வைத்திருந்தால் மாத்திரம் நகைப்பு. இஃது ஏன்? இக்கேள்விக்கு விடைகாணும் முயற்சியே இக்கட்டுரை. அத்தோடு, குறட்டை எவ்வாறு கொண்டுதிரிதல் வேண்டும் என்பது பற்றியும் முப்பதாண்டு அனுபவத்தில் அறிந்தவற்றைச் சொல்லிவைக்க விரும்புகின்றேன். 'குறட்டை வைத்திருக்கின்றேன்' என்று நான் எழுதுமிடத்து அது இரண்டாம் வேற்றுமை என்று கொள்க. பண்டிதர் நித்திரையில் எழுப்பும் ஒலி என்று கொள்ளற்க.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சொல்லிலிருந்து தொடங்காவிடின் பண்டிதனுக்கு உறக்கம் வராது.

கடைக்குப் போய்ப் 'பிளையர்' என்று கேட்கின்றோம். 'குறடு' என்றால் இன்றும் நம்மூர்க் கடைக்காரர் எடுத்துத் தருவர். அச்சொல் இன்னும் உயிரோடிருக்கின்றது. அதனினும் பழைய சொல்லொன்று உண்டு. அது 'கொடிறு'. இச்சொல்லுக்கு இரண்டு பொருள்கள் நமக்கு வேண்டியவை. ஒன்று, கன்னம் அல்லது கதுப்பு. திருக்குறளிலே கயமை அதிகாரத்தில் வருவது இப்பொருளில். மற்றையது, பற்றுக்குறடு, திருவாசகத்திலே போற்றித் திருவகவலில் வருவது இப்பொருளில். இரண்டு கதுப்பும் சேர்ந்து கௌவுவது வாய். இரண்டு இரும்பும் சேர்ந்து கௌவுவது குறடு. ஆங்கிலேயரும் குறட்டின் பற்றும் பகுதியைத் தாடை என்றே வழங்குகின்றனர். உலகின் இரு மூலைகளில் இருந்தோர் ஒரே உவமையைக் கண்டிருக்கின்றனர். அவ்வளவு தெளிவானது இக்கருவியின் தோற்றம்.

மாணிக்கவாசகர் கொடிற்றை எங்கே வைத்தார் என்பதைக் கவனிக்க. பற்றியதை விடாமைக்கு உவமையாக வைத்தார். பக்தியின் உறுதியைச் சொல்லவந்த பெருமானுக்குக் கொல்லன் பட்டடையிலிருந்த கருவி இழிவாகத் தோன்றவில்லை. எங்கள் மண்டபத்திலே விழுந்தபோதுதான் இழிவாயிற்று.

இனிப் பண்டிதர் மடியைப் பார்ப்போம்.

கருவி நமக்குப் புறம்பானது என்று நண்பர் எண்ணுகின்றார். உண்மை மறுதலையானது. ஏட்டுச்சுவடிக் காலத்திலே கருவியில்லாத புலவன் இல்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' என்ற நூலிலே தம் இளமைக்காலத்து எழுத்தாணி வகைகளைச் சொல்கின்றார். வாரெழுத்தாணி என்பது ஒருபுறம் ஓலை வாரும் கத்தியும் மறுபுறம் எழுதும் ஆணியும் உடையது. அதற்குப் பனையோலையால் உறைசெய்து செருகிவைப்பர். மடக்கெழுத்தாணி என்பது மடக்கி வைத்துக்கொள்ளத்தக்கது. குண்டெழுத்தாணி என்றும் ஒன்று உண்டு. ஒரே பிடியில் இரண்டு தொழில். மடக்கினால் மடிக்குள் அடக்கம். இன்று மேல்நாட்டார் பெருவிலைக்கு விற்கும் 'பல்தொழிற் கருவி' வேறென்ன?

அக்காலத்துப் புலவன் ஓலையை வாரினான், நறுக்கினான், துளையிட்டான், ஒரு துளையிலே நாராசம் என்னும் கம்பியைச் செருகினான், மறு துளையிலே கயிறு கோத்தான், சட்டம் வைத்துக் கட்டினான். இவையாவும் கைவேலை. இவற்றைச் செய்த பின்னரே பாயிரம் எழுதினான். கை அறிந்ததை மூளை இகழ்ந்தது என்று அக்காலத்தில் ஒருவரும் சொல்லியிரார்.

புலவர் மாத்திரமல்லர். எங்கள் பாட்டனார் தலைமுறையினர் வெறுங்கையோடு படலையைத் தாண்டியதில்லை. இடுப்பிலே ஒரு கொட்டைப்பெட்டி. அதனுள் வெற்றிலை, பாக்கு, சில்லறைக் காசு. அருகே ஒரு பாக்குவெட்டி. தோட்டம், துரவு என்று வெறுங்காலோடு நடந்தவர்களாதலின் ஒரு முள்ளுவாங்கி. முள்ளுவாங்கி யாது? அதுவும் இரண்டு இரும்பு இதழ்கள் சேர்ந்து கௌவுவதே. குறட்டின் தங்கை என்க. பாக்குவெட்டியோ, ஓர் அச்சில் இரண்டு நெம்புகோல் பூட்டியது, குறட்டின் தமக்கை. ஆகவே, நான் புதுமை ஒன்றையும் மடியிற் கட்டவில்லை. குடும்பத்தில் நடுப்பிள்ளையைக் கட்டிக்கொண்டேன்; அவ்வளவே.

பின்னர் என்ன நடந்தது? ஓலை போய்க் கடதாசி வந்தது. எழுத்தாணி போய்ப் பேனா வந்தது. அச்சுக்கூடம் வந்தது. இவையெல்லாம் நன்மையே. ஆனால், எழுதுவோன் கையிலிருந்து கத்தியும் ஊசியும் கம்பியும் நீங்கிய அக்காலத்திலே, கையழுக்குப்படாத உத்தியோகமே கல்வியின் பயன் என்ற எண்ணமும் கூடவே வந்து குடியேறிற்று. மேசை வேலை மேல், கைவேலை கீழ் என்றாயிற்று.

இதனினும் கசப்பான காரணம் ஒன்றுண்டு. அதனை மறைத்து எழுதுவது நேர்மையன்று. நமது சமுதாயம் கருவிகளைப் பிறப்போடு கட்டிவைத்திருந்தது. இன்ன கருவி இன்னாருக்கு என்று விதித்தது. விதித்ததோடு நில்லாது, கருவி பிடித்த கையைத் தாழ்த்தியும் வைத்தது. அத்தாழ்த்தலின் எச்சம் நம் சிரிப்பிலே ஒட்டிக்கொண்டிருக்கின்றது. நண்பர் அதை எண்ணிச் சிரித்தாரல்லர், அவர் நல்லவர். ஆயினும், 'கம்மாலை' என்ற சொல் எதனாலே நகைச்சுவையாயிற்று? 'நீதிமன்றம் நடத்துகிறீர்களோ' என்று கேட்டிருந்தால் சபை சிரித்திருக்குமா? கருவியை நகைக்குமிடத்து, அக்கருவியால் நமக்கு வீடும் ஏரும் வண்டியும் செய்து தந்த மனிதரை நகைக்கின்றோம். இதனை உணர்ந்தால் சிரிப்பு நின்றுவிடும்.

நானும் ஒருகாலத்தில் அப்படிச் சிரித்தவனே. என்னைத் திருத்தியது ஓர் இரவு.

1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் அருமை. மின்கலம் கிடையாது. ஜாம் போத்தலின் அடியிலே சிறிது பஞ்சும் சிறிது எண்ணெயும் இட்டு எரித்த விளக்கிலே ஒரு தலைமுறை படித்துச் சோதனை எழுதியது. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்துவைத்து மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்டோம். மோட்டார்ச் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அக்காலத்திலே ஊரை நடத்தியவர்கள் யார்? கம்பியை வளைக்கவும், ஆணியை நிமிர்த்தவும், அறுந்ததை இணைக்கவும் தெரிந்தவர்கள். நான் அப்போது பண்டிதர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் செய்து தந்த விளக்கின் கீழிருந்தே படித்தேன். ஆனால், அவர்கள் கையை நான் உற்றுப் பார்த்ததில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள். வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. அவ்விரவைப் பற்றிப் பலர் எழுதியிருக்கின்றனர். நான் ஒரு சிறு நிகழ்ச்சியை மாத்திரம் சொல்வேன். நாவற்குழிப் பக்கம் மழை. தெரு நிறைந்த சனம். அடி அடியாக நகர்ந்தோம். என் துவிச்சக்கர வண்டியின் பின்னிருக்கையில் அம்மா. முன்னே அரிசி மூட்டை. தோளிலே புத்தகப் பை. திடீரென்று சங்கிலியின் பூட்டுத் தெறித்தது. சங்கிலி அறுந்து பிற்சில்லின் பல்லுக்கும் சட்டத்துக்கும் இடையே சிக்கிக்கொண்டது. சில்லு அசையவில்லை. பின்னால் வந்தவர்கள் நெருக்கினர். அம்மாவை இறக்க இடமில்லை. விரலால் இழுத்தேன்; விரல் கிழிந்தது. சங்கிலி வரவில்லை.

அப்போது சாரம் கட்டிய முதியவர் ஒருவர் அருகே வந்தார். "பொறு தம்பி" என்றார். மடியை அவிழ்த்தார். சைக்கிள் ரியூப் துண்டொன்றினாற் சுற்றிய சிறு குறடு ஒன்றை எடுத்தார். சங்கிலியைப் பற்றினார், ஒரு திருகு, வெளியே வந்துவிட்டது. பூட்டுத் தொலைந்துபோயிற்று. எவருடைய மூட்டையிலோ கட்டியிருந்த மெல்லிய கம்பியில் ஒரு துண்டை வெட்டினார். பூட்டு இருக்கவேண்டிய இடத்திலே அதனைச் சுற்றி, முறுக்கி, முனையை மடித்துவிட்டார். ஐந்து நிமிடமும் ஆகியிராது. நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் சொன்னார்: "சாமான் எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனான் தம்பி. இதை மட்டும் விடேல்லை." அவ்வளவுதான். சனத்தோடு சனமாகப் போய்விட்டார். பெயர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. வேறொன்றும் அவ்விரவில் எவரும் எவரையும் கேட்கவில்லை.

அந்தக் கம்பி சாவகச்சேரிவரை தாங்கியது. என் புத்தகப் பையிலே நன்னூல் இருந்தது. அன்றிரவு நன்னூல் சங்கிலியைப் பூட்டவில்லை. அதற்காக நன்னூலைக் குறைகூறுதல் பேதைமை. சங்கிலி பூட்டுவது அதன் வேலையன்று. குறை நன்னூலிலன்று, என் கையில். இருபத்தைந்து வயதுவரை நூல் பிடித்த கை, வேறொன்றும் பிடிக்க அறியாதிருந்தது. முதற்சம்பளத்தில் நான் வாங்கிய பொருள்கள் இரண்டு: ஓர் அகராதி, ஒரு சிறு குறடு.

இனிக் கொண்டுதிரியும் முறையைப் பற்றிச் சொல்கின்றேன். இதைச் சிறிய விடயம் என்று எண்ணற்க. கருவி வீட்டிலிருந்தால் அது சொத்து. உடன் இருந்தாற்றான் அது துணை. உடன் இருக்கவேண்டுமானால் அது உடம்பை வருத்தாமலும் உடையைக் கெடுக்காமலும் இருத்தல் வேண்டும்.

முதலாவது இடம், மேற்சட்டைப் பை. இது தகாது. ஆழமில்லை. குனிந்தால் விழும், எங்கள் மண்டபமே சாட்சி. பாரத்தாற் சட்டை ஒருபுறம் தொங்கும். அன்று நான் அவசரத்தில் அங்கு இட்டது என் விதியை நானே மீறிய குற்றம். அதற்குரிய தண்டனையும் உடனே கிடைத்தது.

இரண்டாவது, காற்சட்டைப் பை. ஆழமுண்டு. ஆயினும் வெறுங்குறட்டை இட்டால், கூரிய வாய் கீழ்நோக்கி இருந்து பையைத் துளைக்கும். மேல்நோக்கி இருந்து கையைக் கீறும். எனவே உறை வேண்டும். உறையிலிட்டு, கைப்பிடி மேலாக, பையின் பின்னோரத் தையலை ஒட்டி நிமிர்த்தி வைத்தல் வேண்டும். குறுக்கே கிடக்கவிட்டால் துவிச்சக்கர வண்டி மிதிக்கும்போது தொடையை உறுத்தும்.

மூன்றாவது, வேட்டி மடி. இது நம் முன்னோர் வழி. சிறு குறடானால் நன்றாகத் தாங்கும். வயிற்றுக்கு நேரே வையாமல் பக்கத்தே வைத்து, இரண்டு சுற்றுச் சுருட்டிச் செருகுதல் வேண்டும். பந்தியிலிருந்து எழும்போது ஒருமுறை தொட்டுப்பார்த்தல் நன்று.

நான்காவது, இடுப்புப் பட்டியில் மாட்டிய தோலுறை. எடுக்க எளிது. தொழிலாகக் கருவி பிடிப்போர்க்கு இதுவே சிறந்தது. நம்மூர்ச் சீவல் தொழிலாளியைப் பாருங்கள். அத்துணை உயரப் பனையிலே ஏறுகின்றார். உடம்பிலே உராயாமல், கைக்கு எட்டும் இடத்திலே, இடுப்பிற் கட்டிய கத்திக்கூட்டிலே பாளைக்கத்தி இருக்கின்றது. கருவி கொண்டுசெல்லும் கலையில் அவரே நமக்கெல்லாம் ஆசிரியர். ஆயினும், வகுப்பறைக்குச் செல்வோர்க்கு இடுப்புறை மிகை. பேருந்து நெரிசலிலே அயலாரை இடிக்கும். 'இதோ பார்' என்று காட்டுவதாயும் இருக்கும். கருவி வேண்டும்போது வெளிவர வேண்டும். வேண்டாதபோது இருப்பதே தெரியலாகாது.

ஐந்தாவது, திறப்புக்கோர்வை. விரலளவேயான குறடுகளுக்கே இது பொருந்தும். பாரமானவை ஆடி, திறப்புகளோடு மோதித் தேயும்.

ஆறாவது, கைப்பையும் புத்தகப் பையும். சேலைக்குப் பையில்லை. ஆதலின் ஆசிரியைமாருக்கு இதுவே வழி. மாணாக்கருள் வளர்ந்தோர்க்குக் கொம்பாஸ் பெட்டியே போதும். பெரும்பையின் அடியிலே கருவி புதைந்துபோதல் இதிலுள்ள குறை. சிறு துணியுறையொன்று தைத்து, அதனை நூலாற் பையின் உட்புறத்தே கட்டிவிட்டால் நூலைப் பிடித்துக் குறட்டை மேலே இழுக்கலாம்.

உறைக்கு எது நல்லது? நாவற்குழி முதியவர் பயன்படுத்திய சைக்கிள் ரியூப் துண்டு மலிவானது. கைப்பிடிகளை விரியாமல் இறுக்கிப் பிடிக்கும். ஆனால், இறப்பர் ஈரத்தை உள்ளே தேக்கும். நம் நாடோ கடற்காற்று நாடு. நம் உடம்போ வியர்க்கும் உடம்பு. துரு விரைவிற் பிடிக்கும். அதனால் ரியூப்பை மோதிரம்போல் மெல்லிதாக வெட்டிக் கைப்பிடிக்கு மாத்திரம் இட்டு, மேலே துணியுறை இடுதல் நன்று. கிழமைக்கொருமுறை துடைத்து, அச்சிலே தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விடுக. தேங்காயெண்ணெய் விடற்க; நாளடைவில் அது தடித்துப் பிசினாகும்.

என் உறை வேறு. பெட்டி இழைக்கும் அம்மையார் ஒருவரிடம் சொல்லிக் குறட்டின் அளவிற்குப் பனையோலையில் மூடியோடு ஓர் உறை இழைப்பித்தேன். கொட்டைப்பெட்டியின் குழந்தை போலிருக்கும். காற்றோட்டம் உண்டு, பாரமில்லை. ஓராண்டில் விளிம்பு தேயும், மற்றொன்று இழைப்பித்துக்கொள்வேன். வாரெழுத்தாணி உறங்கிய ஓலையுறையிலே இன்று குறடு உறங்குகின்றது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

மேல்நாட்டார் இத்துறையில் எவ்வளவோ சிந்தித்திருக்கின்றனர். சுவிற்சலாந்துப் படைவீரருக்கு 1891ஆம் ஆண்டிலேயே மடக்குக்கத்தி வழங்கப்பட்டது. ஆனால், அவ்வகைக் கத்தியிலே குறடு இல்லை. அமெரிக்கரான ரிம் லெதர்மன் என்பவர் 1975ஆம் ஆண்டு ஐரோப்பாவிலே பழைய மோட்டார் வண்டியொன்றிற் பயணஞ் செய்தபோது, கையிலிருந்த கத்தி எல்லாவற்றுக்கும் உதவியது. பற்றித் திருகுவதற்கு மாத்திரம் உதவவில்லை. ஊர் திரும்பிப் பல்லாண்டு முயன்று, குறட்டை நடுவிலே வைத்துக் கைப்பிடிக்குள் ஏனையவற்றை மடக்கிய கருவியொன்றை ஆக்கினார். கத்தி நிறுவனங்கள் 'இது கருவி' என்றன. கருவி நிறுவனங்கள் அதனை விளையாட்டுப்பொருள்போல் ஒதுக்கின. 1983ஆம் ஆண்டிலேதான் அது விற்பனைக்கு வந்தது. இன்று உலகமெங்கும் வழங்குகின்றது. ஜேர்மனியில் 1882ஆம் ஆண்டு தொடங்கிய க்னிபெக்ஸ் நிறுவனம், ஏறக்குறைய 100 மில்லிமீற்றர் நீளமே உள்ள, வாயகலத்தை மாற்றத்தக்க குறடு ஒன்றைச் சட்டைப்பைக்கென்றே செய்கின்றது. இவை விலையுயர்ந்தவை. நமக்கு இவை இன்றியமையாதனவல்ல. நம்மூர் இரும்புக்கடையிலுள்ள சிறு மூக்குக்குறடு போதும்.

சிறிய கருவியின் எல்லையையும் அறிதல் வேண்டும். குறடு என்பது ஓர் அச்சிற் சேர்ந்த இரண்டு நெம்புகோல். அச்சிலிருந்து கை பிடிக்குமிடம் 75 மில்லிமீற்றரும், வாய் பற்றுமிடம் 15 மில்லிமீற்றரும் ஆனால் கைவிசை ஐந்து மடங்காகும். பிடி குறுகக் குறுக விசையும் குறுகும். எனவே, சிறு குறடு கம்பி வளைக்கும், ஆணி பிடுங்கும், கதவுக் கொழுக்கியை நிமிர்த்தும், பையின் இழுவையைச் சீர்செய்யும், மீன் முள்ளையும் எடுக்கும். பெரிய சுரையைத் திருக முயலற்க. நான் ஒருமுறை வீட்டுத் தண்ணீர்க் குழாயின் பித்தளைச் சுரையைக் குறட்டாற் பிடித்துத் திருகினேன். சுரை அசையவில்லை, அதன் ஆறு மூலைகளும் மழுங்கின. பின்னர் வந்த குழாய்த் தொழிலாளி பார்த்துச் சொன்னார்: "வாத்தியார், குறடு பிடிக்கிறதுக்கு. திருக்கிறதுக்கு ஸ்பானர் வேணும்." பெயருக்கேற்ற வினையைச் சொல்லித்தந்த அவரை அன்றைக்கு என் இலக்கண ஆசிரியராக ஏற்றுக்கொண்டேன். மற்றொன்று: கைப்பிடியிலுள்ள வண்ண உறையை நம்பி மின்கம்பியைத் தொடற்க. 1000 வோல்ற்று என்று முறையாகச் சோதித்துப் பொறித்த பிடிகளே மின்காப்புடையவை; ஏனையவை கைக்கு மென்மை தருவன மாத்திரமே.

இனித் தடைகளுக்கு விடை.

'தொழிலாளர் பிழைப்பைக் கெடுக்கலாமா?' என்பர். தளர்ந்த கம்பியை முறுக்கினால் எவர் பிழைப்பும் கெடாது. மறுதலையாக, கருவி பிடித்துப் பார்த்தவனே தொழிலாளியின் திறனை அறிவான். கூலியிலே பேரம்பேச வாய்கூசுவான். அந்தக் குழாய்த் தொழிலாளி கேட்ட கூலியை நான் குறைத்துக் கேட்கவில்லை.

'சந்தேகத்துக்கு இடமாகுமே' என்பர். இது மெய்யான தடையாய் இருந்த காலமும் உண்டு. போர்க்காலச் சோதனைச் சாவடியிலே மடியிலுள்ளது அனைத்தையும் எடுத்துக் காட்டவேண்டும். மடியிற் கனமிருந்தால் வழியிற் பயம் என்ற பழமொழியின் பொருளை நான் அங்கேதான் முற்றாக உணர்ந்தேன். "நீர் ஆசிரியர்தானே? ஆசிரியருக்கு இது எதற்கு?" என்று ஒருநாள் கேட்கப்பட்டேன். அதன்பின் சில ஆண்டுகள் குறட்டைத் துவிச்சக்கர வண்டியின் ஆசனத்தின் கீழுள்ள கருவிப்பையிலேதான் வைத்திருந்தேன். அக்காலம் கழிந்தது. ஆனால் வியப்பைப் பாருங்கள்: அன்று ஐயத்தோடு கேட்கப்பட்ட அதே கேள்வியைச் சென்ற மாதம் என் நண்பர் சிரிப்போடு கேட்டார். ஆசிரியருக்கு இது எதற்கு?

இதற்குத்தான்: 2022ஆம் ஆண்டிலே நாட்டில் எரிபொருள் இல்லாதொழிந்தபோது, பல ஆண்டு துருப்பிடித்துக் கிடந்த துவிச்சக்கர வண்டிகளில் ஆசிரியர்கள் பாடசாலைக்கு வந்தோம். உதிரிப்பாகங்கள் நெருப்பு விலை. தடைக்கட்டையின் கம்பி தளர்ந்து நின்றவர் எத்தனை பேர்! எங்கள் வகுப்பறை வாங்கொன்றிலே துருத்திக்கொண்டிருந்த ஆணியொன்று பல ஆண்டுகளாகப் பிள்ளைகளின் உடையைக் கிழித்துவந்தது. அதுபற்றி நான் இரண்டு முறை எழுத்தில் அறிவித்திருந்தேன். மொழி நன்றாகத்தான் இருந்தது, ஆணி அசையவில்லை. ஒருநாள் பாடத்தின் நடுவே ஒரு பிள்ளையின் பாவாடை அதில் மாட்டிக் கிழிந்தது. அவள் அழுதாள். வீட்டில் வேறு சீருடை இல்லை என்பது அவ்வழுகையில் தெரிந்தது. அப்போதுதான் மடியிலிருந்த குறடு நினைவுக்கு வந்தது. பிடித்தேன், அசைத்தேன், இழுத்தேன். அரை நிமிடம். முன்னர் ஏன் செய்யவில்லை? மடியிற் கருவி இருந்தும், மனத்திலே 'இது பண்டிதன் வேலையன்று' என்ற பழைய ஆணி இருந்தது. அதையும் அன்றே பிடுங்கினேன் என்று சொல்ல ஆசை. முற்றாகப் பிடுங்கியிருந்தால் நண்பரின் சிரிப்பு என்னை வீடுவரை தொடர்ந்திராது.

ஆதலின் ஆசிரியர்களுக்கும் மாணாக்கருக்கும் நான் விடுப்பது ஒரு வேண்டுகோளே. நூலைக் கைவிடற்க, நூலோடு ஒரு கருவியும் இருக்கட்டும். தேறிய மாணாக்கருக்குப் பொன்னாடை போர்த்தும் சங்கங்கள், அதனோடு ஒரு சிறு குறட்டையும் வழங்கலாம். பொன்னாடை அலுமாரிக்குப் போகும். குறடு வழிக்கு வரும்.

நண்பர் இதனை வாசிப்பார். அடுத்த கூட்டத்திலும் அவர் முன்வரிசையிலேயே இருப்பார். குறடும் என் மடியில் இருக்கும், இம்முறை ஓலையுறைக்குள். பற்றியதை விடாதவை என்று திருவாசகம் இரண்டைச் சேர்த்துச் சொல்கின்றது: ஒன்று கொடிறு, மற்றையது பேதை. குறட்டை விடேன் என்று பிடிவாதஞ் செய்யும் என்னை இவ்விரண்டில் எதனோடு சேர்ப்பது என்பதை நண்பரே தீர்மானிக்கட்டும்.